உள்ளூர் இசைக்குழுக்களின் இரவு சப்பென்று போகாமல் நடத்துவது எப்படி

மூன்று நான்கு உள்ளூர் இசைக்குழுக்களை ஒரே மேடையில் ஏற்றி, ஒரு மாலை முழுவதும் பாடவும் வாசிக்கவும் வைக்கும் நிகழ்ச்சிகள் தமிழ்நாட்டின் நடுத்தர நகரங்களில் இப்போது நடக்கின்றன. கல்லூரி விடுதியில் உருவான கிட்டார் குழு, திருமண வரவேற்புகளில் வாசித்துத் தேர்ந்த ஆர்க்கெஸ்ட்ரா, பறையையும் டிரம்ஸையும் சேர்த்து முழக்கும் இளைஞர்கள், சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடும் கானாக் குழு என்று பட்டியல் அமையும். சுவரொட்டியில் பார்க்கும்போது பிரமாதமாகவும் இருக்கும். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும், இருப்பவர்களில் பலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கிளம்பிப் போகிறவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் "ஏதோ பரவாயில்லை" என்பார்கள். பாடகருக்குக் குரல் எடுபடவில்லை, டிரம்ஸ் வாசித்தவர் புதியவர் என்று மறுநாள் காரணங்கள் அடுக்கப்படும். அவை உண்மையாகவும் இருக்கலாம். எனினும், சுமாரான குழுக்களைக் கொண்டே நிறைவாக நடந்த இரவுகளையும், நல்ல குழுக்கள் வந்தும் எடுபடாமல் போன இரவுகளையும் பார்த்த பிறகு, இவற்றின் தலையெழுத்து ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும்வரையிலும், ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும்வரையிலும் உள்ள நேரத்தில்தான் எழுதப்படுகிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஊர் விழாக் குழுவினர், கல்லூரி மன்றத்தார், இளைஞர் சங்கத்தார் ஆகியோருக்கான பின்வரும் யோசனைகள் அந்த நேரத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

நாளும் நேரமும்

திட்டத்தை இரவு பத்து மணியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி இயக்கக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு என்றாலும், அதை நம்பி ஓர் உள்ளூர் நிகழ்ச்சியைத் திட்டமிடுவது சரியாக இராது. ஆகவே 9.45-க்கு முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மாலை 6.30-க்குத் தொடங்கினால் கையில் இருப்பது 195 நிமிடம். நான்கு குழுக்களுக்குத் தலா 35 நிமிடம் என்றால் 140 நிமிடமும், இடையிலுள்ள மூன்று மாற்றங்களுக்குத் தலா 12 நிமிடம் என்றால் 36 நிமிடமும் போய்விடும். மிஞ்சும் 19 நிமிடத்தில் வரவேற்புரை, சிறப்பு விருந்தினர், நன்றியுரை, எதிர்பாராத மின்தடை எல்லாம் அடங்க வேண்டும், அடங்காது. மூன்று குழுக்களுக்குத் தலா 40 நிமிடம் கொடுத்தால் மாற்றங்களையும் சேர்த்து 144 நிமிடம்தான் ஆகிறது, மூச்சு விட 51 நிமிடம் கிடைக்கிறது. நான்காவது குழுவை மறுக்க மனம் வராமல் ஒப்புக்கொள்வதே பல இரவுகள் கடைசியில் அவசர அவசரமாக முடிவதற்குத் தொடக்கப்புள்ளி.

நாளைத் தேர்ந்தெடுப்பதில், பொதுத்தேர்வுகள் நடக்கும் மார்ச் மாதத்தைத் தவிர்த்துவிடுவது நல்லது. மாணவர்கள் வர மாட்டார்கள் என்பதோடு, பக்கத்து வீட்டார் புகார் சொன்னால் அதில் நியாயமும் இருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை எந்த மாலையையும் கலைத்துவிடும். முகூர்த்த நாட்களில் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களுக்குத் திருமண வரவேற்பில் வருமானம் உண்டு. அன்று உங்கள் மேடைக்கு வருகிறவர்கள் முக்கிய வாசிப்பாளர்களை அங்கே அனுப்பிவிட்டு, மாற்று ஆட்களோடு வந்து நிற்க நேரலாம். ஆடியில் திருமணம் குறைவு என்றாலும் அம்மன் கோயில் விழாக்கள் அவர்களைச் சும்மா இருக்க விடுவதில்லை. மார்கழியின் பிற்பாதி, அதாவது ஜனவரியின் முதல் இரண்டு வாரங்கள், எல்லா வகையிலும் பொருந்திவரும்: கல்யாணச் சீசன் இல்லை, மழையும் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், வெளியூரில் படிக்கும் பிள்ளைகளும் பொங்கலையொட்டி ஊர் திரும்பத் தொடங்குவார்கள். ஒரே குறை பனி. பறையின் தோல் பனியில் தொய்ந்துவிடும். அதைக் காய்ச்சி ஏற்ற மேடைக்குப் பின்னால் கொஞ்சம் வைக்கோலும் நெருப்பு மூட்டப் பாதுகாப்பான ஓர் இடமும் முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும். இதை யாரும் கேட்டு வாங்குவதில்லை, கொடுத்தால் மகிழ்ந்துபோவார்கள்.

காவல் நிலையத்தில் எழுத்துமூலம் அனுமதி பெறுவது கட்டாயம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால் இடத்தை உறுதிசெய்வதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் நேர ஒலி வரம்பு 55 டெசிபல். மைதானத்தின் எல்லையில் அதைவிடப் பத்து டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. கேட்க மலைப்பாக இருந்தாலும், திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ ஆறு டெசிபல் குறைகிறது என்ற கணக்கைத் தெரிந்துகொண்டு, வீடுகள் இல்லாத திசையை நோக்கி ஒலிபெருக்கிப் பெட்டிகளை வைத்தால் பெரும்பாலான சண்டைகள் வராது.

இடத்தின் அளவைப் பற்றி ஒரே ஒரு பேச்சுத்தான்: சிறியதாக எடுங்கள். ஆயிரம் பேர் கொள்ளும் மைதானத்தில் இருநூறு பேர் அமர்ந்தால், அந்த இருநூறு பேருக்கும் தாங்கள் தோற்ற நிகழ்ச்சிக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். அதே இருநூறு பேர் ஒரு சிறிய முற்றத்தில் நெருங்கி உட்கார்ந்தால் கூட்டம் அலைமோதியதாக ஊரே பேசும். நாற்காலிகளை முதலிலேயே மொத்தமாகப் பரப்பாமல் எதிர்பார்க்கும் எண்ணிக்கையில் பாதியை மட்டும் போட்டு, மீதியை ஓரத்தில் அடுக்கி வைத்து, ஆட்கள் வர வர எடுத்துப் போடச் சொல்லுங்கள். கல்யாண மண்டபம் மலிவாகக் கிடைத்தாலும் தயங்க வேண்டும்; டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவர்களும் டிரம்ஸ் சத்தத்தைத் திரும்பத் திரும்ப வீசியடித்து, பாட்டின் வரி ஒன்றுகூடப் புரியாமல் செய்துவிடும்.

குழுக்களும் வரிசையும்

இணையத்தில் போட்டிருக்கும் ஒரு நிமிடக் காணொளியைப் பார்த்துக் குழுவை முடிவுசெய்யாதீர்கள். அந்த ஒரு நிமிடம் எந்தக் குழுவிடமும் நன்றாகத்தான் இருக்கும். இதற்கு முன் மேடையேறிய ஏதாவது ஒரு நிகழ்ச்சியிலிருந்து, வெட்டாமல் தொடர்ச்சியாகப் பத்து நிமிடம், யாரோ கூட்டத்தில் நின்று கைப்பேசியில் எடுத்த பதிவாக இருந்தாலும் சரி, அதை அனுப்பச் சொல்லுங்கள். அதில் பாட்டுகளைவிட, பாட்டு முடிந்ததும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அடுத்தது எது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா, கிட்டாரை எல்லோருக்கும் கேட்கும்படி சுருதி சேர்க்கிறார்களா, பாடகர் தண்ணீர் குடித்துக்கொண்டே "எல்லோரும் எப்படி இருக்கீங்க" என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறாரா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

பாடல் பட்டியலை ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். அப்படி வாங்காத இரவில் அந்த ஆண்டின் மிகப் பிரபலமான பாடலை எல்லாக் குழுக்களுமே பாடுவார்கள். மூன்றாம் முறை கேட்கும்போது ஒரிஜினல்மீதே வெறுப்பு வரும். யார் எதைப் பாடுவது என்று தொலைபேசியில் பேசித் தீர்த்துவிடலாம், பெரும்பாலும் முதலில் பட்டியல் அனுப்பியவருக்கு முன்னுரிமை என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொந்தப் பாடல் வைத்திருக்கும் குழுக்களிடம் அதைக் குறைக்கச் சொல்லாதீர்கள். தெரிந்த பாடல் ஒன்றில் தொடங்கி, இரண்டாவதாகவும் நான்காவதாகவும் சொந்தப் பாடலை வைத்து, தெரிந்ததில் முடிக்கச் சொன்னால் கூட்டம் பொறுமையாகக் கேட்கும். சொந்தப் பாடலைப் பற்றிப் பாடகர் ஒரே வாக்கியம் சொன்னால் போதும். அது பிறந்த கதையை ஐந்து நிமிடம் விவரித்தால் பாட்டு தொடங்கும்போது யாருக்கும் ஆவல் மிஞ்சியிருக்காது.

ஸ்கேல், அதாவது பாட்டைப் பாடும் சுருதியின் உயரம், விஷயத்தில் குழுக்களோடு வாதாடத் தயங்க வேண்டாம். சினிமாப் பாடலை மூலப் பதிவின் ஸ்கேலிலேயே பாடியாக வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளூர்ப் பாடகர்களிடம் வலுவாக உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓய்வெடுத்து ஓய்வெடுத்துப் பாடிய உச்சத்தை, ஏழு பாடல் பாடிய தொண்டையோடு திறந்த வெளியில் எட்ட முடியாமல் கீச்சிடுவதைவிட, அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்வது கேட்பவர் காதுக்குத் தெரியவே தெரியாது. இறக்குவதிலும் ஒரு கவனம் தேவை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினால் ஒரு நொடியில் ஸ்கேல் மாறிவிடும், ஆனால் அந்தப் பாட்டு முடிந்ததும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறப்பது மேடைகளில் அடிக்கடி நடக்கிறது. அடுத்த பாட்டில் கீபோர்டு ஓரிடத்திலும் பேஸ் கிட்டார் வேறிடத்திலும் தொடங்கும், நான்கு விநாடியில் எல்லோரும் நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள், மறுபடி முதலிலிருந்து. பாடல் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே டிரான்ஸ்போஸ் எண்ணை எழுதி வைக்கச் சொன்னால் இது நடக்காது. தபேலாவுக்கு அப்படிப் பொத்தான் கிடையாது என்பதால், ஸ்கேல் மாறும் பாடல்களை ஓரிடத்தில் சேர்த்து, வேறு சுருதியில் சேர்த்த இன்னொரு தபேலாவை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வரிசையைப் பொறுத்தவரை, சிறந்த குழுவைக் கடைசியில் வைக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. நம் ஊர்களில் குழந்தைகளோடு வந்தவர்கள் எட்டரைக்கு மேல் தங்குவதில்லை, பக்கத்துக் கிராமத்தார் கடைசிப் பேருந்தைப் பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். மூன்று குழுக்கள் இருந்தால் மிகத் தேர்ந்த குழு இரண்டாவதாக, ஏழரையிலிருந்து எட்டேகால்வரை மேடையில் இருக்க வேண்டும். கடைசி இடம், நின்று ஆடும் இளைஞர்களைப் பிடித்துவைக்கக்கூடிய தாளக் குழுவுக்கு. முதல் இடம் யாருக்கு என்பதில் பொருட்களின் கணக்கையும் பார்க்கலாம்: அதிகப் பொருட்களைக் கொண்டுவரும் குழுவை முதலில் வைத்தால் அவற்றை மதியமே நிதானமாக அமைத்துவிடலாம், பின்னர் எடுப்பது மட்டுமே வேலை.

மைக் செட்

ஒலி அமைப்புக்கு ஆள் பிடிக்கும்போது, பொதுக்கூட்டத்துக்கு மைக் கட்டுகிறவரும் இசைக்குழுவுக்குச் சவுண்டு செய்கிறவரும் வெவ்வேறு தொழில் செய்கிறவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். பேச்சுக்கு இரண்டு மைக் போதும். ஒரு குழுவுக்கு டிரம்ஸுக்கு நான்கு, பேஸுக்கு ஒன்று, கிட்டார்களுக்கு இரண்டு, கீபோர்டுக்கு இரண்டு, ரிதம் பேடுக்கு இரண்டு, பாடகர்களுக்கு மூன்று, தொகுப்பாளருக்கு ஒன்று என்று பதினைந்து சேனல், அதாவது தனித்தனி ஒலி இணைப்பு, ஆகிவிடுகிறது. இவற்றையெல்லாம் கலந்து அளவு பார்க்கும் மிக்சரில் பதினாறு சேனல்தான் என்றால் மூச்சுமுட்டும், இருபத்து நான்கு இருந்தால் அடுத்த குழுவின் இணைப்புகளை முன்கூட்டியே செருகி வைக்கலாம். எந்தச் சேனலில் எது என்று ஒரு தாளில் எழுதி, குழுக்களிடமும் சவுண்டுக்காரரிடமும் இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு தாள் மாற்றத்துக்கான நேரத்தில் ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

மிக்சரை மேடையின் பக்கவாட்டில், பெட்டிகளுக்குப் பின்னால் வைத்து இயக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. கேபிள் மிச்சம், ஆம்ப்ளிஃபயர் கைக்கெட்டும் தூரம் என்று காரணம் சொல்வார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்குக் கூட்டத்துக்கு என்ன கேட்கிறது என்பது தெரிய வழியே இல்லை. கேபிளுக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்தாவது மிக்சரைக் கூட்டத்தின் நடுவில், பாதித் தூரத்துக்குச் சற்றுப் பின்னால் கொண்டுவாருங்கள். மைதானம் நீளமாக இருந்து பின்புறம் இன்னொரு ஜோடிப் பெட்டி வைக்க நேர்ந்தால், ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் போகிறது என்பதால் 35 மீட்டர் தள்ளியிருக்கும் பெட்டிக்குப் பத்தில் ஒரு விநாடி தாமதம் கொடுக்கச் சொல்ல வேண்டும். கொடுக்காவிட்டால் பின்வரிசைக்கு ஒவ்வொரு தாளமும் இரண்டு முறை கேட்கும்.

கூட்டம் வந்திருப்பது பாட்டின் வரிகளைக் கேட்க. ஆகவே குரல் எல்லாவற்றுக்கும் மேலே நிற்க வேண்டும், பிறகுதான் தாளம், பிறகுதான் மற்றவை. மைக் கூவுவதற்குப் பெட்டியையும் மிக்சரையும் குறை சொல்வதற்கு முன் பாடகரின் கையைப் பாருங்கள். மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் மூடிப் பிடிப்பது இளைஞர்களிடம் ஒரு தோரணையாகப் பரவியிருக்கிறது. முன்பக்கத்து ஒலியை மட்டும் வாங்குவதற்காக, அந்தத் தலைக்குள் பின்புறத்துத் திறப்புகள் வைத்தே மைக்கை வடிவமைத்திருக்கிறார்கள். அவற்றைக் கை மூடிவிட்டால் அது நான்கு பக்கமும் கேட்கத் தொடங்கும், பாடுகிறவருக்கே அவர் குரல் கேட்பதற்காக எதிரே தரையில் வைத்திருக்கும் மானிட்டர் பெட்டியின் ஒலி உள்ளே புகுந்து விசிலடிக்கும். தண்டைப் பிடித்து, வாயிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னாலே பாதி விசில் அடங்கிவிடும்.

மானிட்டர் இல்லாமல் எந்தக் குழுவையும் மேடையேற்றாதீர்கள். தன் குரல் தனக்குக் கேட்காத பாடகர் கத்துவார், கத்துகிறவருக்குச் சுருதி நிற்காது. கேட்பவர்கள் அவருக்குப் பாடத் தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். அலங்கார விளக்குகளையும் ஒலிக் கருவிகளையும் ஒரே ஃபேஸில் கொடுக்க வேண்டாம் என்பதையும், எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் மின்பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். இதில் விட்டால் இரவு முழுவதும் அடியில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். மோசமான எர்த் ஆளுக்கே ஆபத்து.

ஒத்திகைச் சோதனை மதியம் இரண்டரைக்குத் தொடங்கட்டும், அதுவும் தலைகீழ் வரிசையில். கடைசியாகப் பாடும் குழு முதலில் சோதித்து இறங்க வேண்டும், முதலில் பாடும் குழு இறுதியில் சோதித்துவிட்டுத் தன் பொருட்களை அப்படியே மேடையில் விட்டுவிட வேண்டும். குழுவுக்கு இருபத்தைந்து நிமிடம், அதில் முழுப் பாட்டு ஒன்று, பிறகு அடுத்தடுத்த இரண்டு பாட்டுகளின் முடிவும் தொடக்கமும். வெயிலில் சோதித்த டிரம்ஸ் தோலும் கிட்டார்க் கம்பியும் இரவில் அதே சுருதியில் இருக்காது என்பதால், மேடையேறுமுன் மறுபடி சேர்த்துக்கொள்ள ஒவ்வொரு குழுவுக்கும் பின்புறம் ஓர் அமைதியான மூலை தேவை.

குழு மாறும் அந்தப் பன்னிரண்டு நிமிடம்

வழக்கமாக நடப்பதை அருகிலிருந்து பாருங்கள். முதல் குழு வணக்கம் சொல்லி முடிக்கிறது, கைதட்டல் நன்றாகவே விழுகிறது. கைதட்டல் அடங்குவதற்குள் மேடையில் பத்துப் பேர் இருக்கிறார்கள்: ஐந்து பேர் பொருட்களை எடுக்கிறார்கள், ஐந்து பேர் வைக்கிறார்கள், யாருடைய ஒயர் யாருடையது என்று தெரியவில்லை. பேஸ் கிட்டார்க்காரர் மண்டியிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் பிளக் பாயின்ட்டைத் தேடுகிறார். டிரம்ஸ்காரர் முந்தையவரின் நாற்காலி உயரம் பிடிக்காமல் திருகிக்கொண்டிருக்கிறார், நடுவில் ஒருமுறை காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கை மிதித்துப் பார்க்கிறார், அது மைதானம் முழுவதும் இடிபோல் விழுகிறது. தொகுப்பாளர் "இன்னும் சில நொடிகளில்" என்கிறார். அதையே நான்கு நிமிடம் கழித்தும் சொல்கிறார். இதற்கிடையில் முன்வரிசையில் இருந்த குடும்பம் எழுந்து டீக்கடைப் பக்கம் போகிறது. போனவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை.

இதைச் சரிசெய்ய முதல் வழி, மேடையில் மாறும் பொருட்களைக் குறைப்பது. ஒரே டிரம்ஸ் செட்டையும் ஒரே பேஸ் ஆம்பையும் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்; ஒவ்வொரு டிரம்ஸ்காரரும் தன் ஸ்னேர், கிக் பெடல், சிம்பல்களை மட்டும் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். இதற்குச் சிலர் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால் அழைக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். இரண்டாவது, மேடைக்கென்று ஒரே ஒரு பொறுப்பாளர். விழாக் குழுத் தலைவர் அந்த வேலைக்கு ஏற்றவர் அல்லர், அவரை எல்லோரும் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். அதிகம் பேசாத, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரம் பார்க்கும் ஒருவர் வேண்டும்; அவர் சொல்லாமல் யாரும் மேடையேறக் கூடாது, குழுவின் முடிவுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் கையைக் காட்டினால் பாடகர் கேட்டாக வேண்டும். மூன்றாவது, தரையில் வண்ண டேப்பால் ஒவ்வொரு குழுவின் இடங்களையும் ஒத்திகையின்போதே குறித்துவிடுவது.

அந்த நேரத்தில் கூட்டத்துக்கு என்ன கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. பதிவு செய்த சினிமாப் பாடலைச் சத்தமாகப் போட்டால் அடுத்துப் பாடப்போகிறவர்கள் அதன்முன் சோடைபோவார்கள். தொகுப்பாளரின் நகைச்சுவை பெரும்பாலும் நகைச்சுவையாக இருப்பதில்லை. சிறந்த வழி, மேடைக்குக் கீழே, கூட்டத்தின் ஓரத்தில் மைக் தேவைப்படாத ஒன்றை வைப்பது: இரண்டு பறையாட்டக்காரர்கள், அல்லது நாதசுரமும் தவிலும், அல்லது டோலக் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பாடும் கானாப் பாடகர். எல்லோருடைய கண்ணும் அந்தப் பக்கம் திரும்பிவிடும், மேடையில் நடக்கும் அல்லாட்டம் யார் கண்ணிலும் படாது. உள்ளூர்க் கலைஞருக்கு இதனால் ஒரு வருமானமும் ஆகும்.

பொன்னாடையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நம் மேடைகளில் ஒரு பாட்டு சூடுபிடித்துக் கூட்டம் எழுந்து ஆடும் நேரத்தில்தான் நன்கொடையாளர் வந்து சேருவார், இசை நிறுத்தப்படும், சால்வை போர்த்தப்படும், புகைப்படக்காரருக்காக மறுபடி ஒருமுறை போர்த்தப்படும், பிறகு அவர் இரண்டு வார்த்தை பேசுவார். அந்தப் பத்து நிமிடத்தில் இறங்கிய சூட்டை எந்தக் குழுவாலும் உடனே மீட்டெடுக்க முடிவதில்லை. யார் எப்போது வந்தாலும் முன்வரிசையில் மரியாதையாக அமர்த்தி, காபி கொடுத்து, "அடுத்த குழு ஏறும்போது உங்களைக் கௌரவிக்கிறோம், ஐயா" என்று சொல்லிவிடலாம். மேடைக்குக் கீழே ஒரு தனி மைக்கும் ஒரு விளக்கும் வைத்திருந்தால் சால்வை, நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல், ரசீதுக் குலுக்கல் எல்லாவற்றையும் இரண்டு மாற்றங்களுக்குள் அடக்கிவிட முடியும். கோபித்துக்கொள்வார்களோ என்று அஞ்ச வேண்டியதில்லை. எல்லோரும் அப்போது அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் மகிழ்ச்சியே அடைவார்கள்.

குழுவுக்குள் நிகழும் சிறிய இடைவெளிகளுக்கும் இதே கவனம் தேவை. பாடல் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஒவ்வொருவர் காலடியிலும் ஒன்று ஒட்டிவிடுங்கள். கிட்டார்க்காரரிடம் ஒலியை முடக்கிச் சுருதி பார்க்கும் டியூனர் பெடல் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்கிக் கொடுங்கள். ஒரு பாட்டு முடிந்து அரை நிமிடத்துக்குள் அடுத்தது தொடங்காவிட்டால் கூட்டத்தின் பேச்சுச் சத்தம் ஏறிவிடும், அதன்மேல் பாடத் தொடங்குவது கடினம். கூட்டத்திலிருந்து வரும் நேயர் விருப்பச் சீட்டுகளை நேரே பாடகர் கையில் கொடுக்க விடாமல் மேடைப் பொறுப்பாளரே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒத்திகை பார்க்காத பாட்டை ஆசைக்காகத் தொடங்கிப் பல்லவியோடு நிறுத்துவதைப் போல ஒரு குழுவின் மதிப்பைக் குறைப்பது வேறில்லை.

தொய்வு விழுந்துவிட்டால்

இவ்வளவும் செய்தும் எட்டு மணிக்கு நிகழ்ச்சி தளர்வதுண்டு. நாற்காலிகள் மேடையைப் பார்ப்பதை விட்டு ஒன்றையொன்று பார்க்கத் திரும்புவது முதல் அறிகுறி. அப்போது சவுண்டுக்காரர் தானாகவே ஒலியைக் கூட்டுவார். தடுத்து, குரலைத் தவிர மற்ற அனைத்தையும் சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள். கத்திப் பேச வேண்டிய அவசியம் நீங்கியதும் பேசுகிறவர்களே அடங்குவார்கள், வரிகளும் காதில் விழும். மேடைப் பொறுப்பாளர் குழுத் தலைவரிடம் போய், மீதிப் பட்டியலை விட்டுவிட்டு அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கக்கூடிய இரண்டு பாட்டுகளை மட்டும் பாடி முடிக்கும்படி சொல்லலாம். அதை எல்லோர் முன்னும் சொல்லாமல் காதோடு சொல்ல வேண்டும். காலியான பின்வரிசை நாற்காலிகளை ஓசையில்லாமல் எடுத்துவிட்டு, நிற்பவர்களை முன்னே அழையுங்கள். மெதுவான பாட்டுகள் இரண்டு சேர்ந்தாற்போல் வந்து தொய்ந்திருந்தால் அடுத்ததைத் தாளப் பாட்டாக மாற்றுங்கள், ஆனால் தொடர்ந்து ஐந்து குத்துப் பாட்டுகளால் களைத்துப்போன கூட்டத்துக்கு வேண்டியது ஒரேயொரு குரலும் கீபோர்டும் மட்டுமே உள்ள பாட்டு. எதுவும் எடுபடவில்லை என்றால் இருபது நிமிடம் முன்னதாகவே, நன்றாகப் போன ஒரு பாட்டோடு முடித்துவிடுவது, பத்து மணிவரை இழுப்பதைவிட மேல்.

பணம், உரிமம், சாப்பாடு

தொகையைச் செய்தியாகவாவது எழுதி உறுதிசெய்து, பாதியை முன்பணமாகக் கொடுத்து, மீதியை அவர்கள் வண்டியில் ஏறும் முன் கொடுத்துவிடுங்கள். மேடை கிடைப்பதே சன்மானம் என்ற பேச்சு வேண்டாம். சவுண்டுக்காரருக்கும் பந்தல்காரருக்கும் அப்படிச் சொல்லிப் பார்த்தவர் யாருமில்லை. சினிமாப் பாடல்களைப் பொது நிகழ்ச்சியில் பாடுவதற்குப் பதிப்புரிமை உரிமம் தேவைப்படும். பாடல் ஆக்கங்களுக்கான உரிமத்தை 1969-இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். (இண்டியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) அமைப்பு வழங்குகிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உண்மையான சமயச் சடங்குகளுக்கும் திருமணம் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்களித்தாலும், நுழைவுச்சீட்டு விற்று நடத்தும் இசை இரவு அந்த விலக்குக்குள் வருவதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. 2017-இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் வெளிநாட்டு மேடைகள் தொடர்பாக இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போன செய்தி பலருக்கு நினைவிருக்கும். சாப்பாட்டை ஐந்தரைக்குள், மேடையேறும் முன் இலேசாகக் கொடுத்துவிட்டு, முடிந்ததும் கையில் பொட்டலமாகவும் கொடுங்கள். பத்தேகாலுக்குச் சிற்றூரில் எந்த ஹோட்டலும் திறந்திருக்காது.

நிகழ்ச்சி முடிந்த பிறகு

மிக்சரிலிருந்து எடுக்கும் பதிவில் குரல் தூக்கலாகவும் டிரம்ஸ் அடங்கியும் இருக்கும், ஏனெனில் மேடையிலிருந்தே நேராகக் கேட்கும் கருவிகளை மிக்சரில் குறைவாகத்தான் ஏற்றியிருப்பார்கள். அதனால் மைதானத்தின் நடுவில் ஒரு கைப்பேசியையும் ஒரு ஸ்டாண்டில் வைத்து, தொடக்கம் முதல் கடைசிவரை நிறுத்தாமல் பதிவுசெய்யுங்கள். அன்றிரவு யாரிடமும் குறை சொல்ல வேண்டாம். இரண்டு நாள் கழித்து அந்தப் பதிவை ஓடவிட்டு, எந்த நிமிடத்தில் இசை நின்றது, எந்த நிமிடத்தில் மறுபடி தொடங்கியது என்று மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தந்தக் குழுவுக்கு அதன் பகுதியையும் அந்த நேரக் குறிப்பையும் சேர்த்து அனுப்பிவிட்டு, ஒத்திகை அறையில் பாட்டுகளோடு பாட்டுகளுக்கு நடுவிலுள்ளதையும் ஒருமுறை ஒத்திகை பார்க்கும்படி எழுதுங்கள். மேடை மாற்றங்களுக்கு ஆன நேரத்தைச் சவுண்டுக்காரருக்கும் அனுப்புங்கள், அடுத்த ஆண்டுக்கு அவரையே அழைப்பதா என்பதை அவர் அதற்குச் சொல்லும் பதிலைப் பார்த்து முடிவுசெய்யலாம்.